‘மை’ எங்கே, ‘மைன்’ எங்கே? ஆங்கில உடைமைச் சொற்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதிய எல்லோருக்கும் ஆங்கிலத்தின் ஒரு பொசெசிவ் ப்ரொனவுன் கைப்பழக்கமாகவே தெரியும். கடிதத்தின் கடைசியில், கையெழுத்துக்கு மேலே, ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’ என்று எழுதினோமே, அந்த ‘யுவர்ஸ்’தான் அது. அதே கடிதத்தைத் தமிழில் எழுதும்போது ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்’ என்று முடிப்போம். ‘தங்கள்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘மாணவன்’ என்று ஒரு பெயர் வந்தே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வரவில்லை. ‘யுவர்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்லே ‘தங்களுடையவன்’ என்ற முழுப் பொருளையும் சுமந்துகொண்டு தனியாக நிற்கிறது.

இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு வேறுபாட்டைப் பற்றியதுதான். பெயரோடு சேர்ந்து வரும் உடைமைச் சொல் ஒன்று, தனியாக நிற்கும் உடைமைச் சொல் இன்னொன்று.

வேலைக்குப் போய்க்கொண்டே ஆங்கிலம் கற்க வரும் பெரியவர்களுக்கு மாலை வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் மாதத்தில் நான் அதிகம் திருத்துகிற வாக்கியங்களில் இரண்டு: ‘திஸ் பேக் இஸ் மை’, ‘திஸ் இஸ் மைன் பேக்’. இரண்டும் தவறு. இப்படிச் சொல்கிறவர்களுக்கு ‘மை’யும் தெரியும், ‘மைன்’னும் தெரியும். எது எங்கே உட்காரும் என்பதில்தான் சிக்கல். ஆனால் அந்த வேறுபாடு அவர்கள் வாயில் ஏற்கெனவே தமிழாக இருக்கிறது. அதைக் காட்டிக்கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

பக்கத்தில் ஒரு பெயர் இருக்கிறதா?

முதலில் பார்க்க வேண்டியது இது ஒன்றுதான். சொந்தமான பொருளின் பெயர் அந்த உடைமைச் சொல்லுக்குப் பின்னால் வருகிறதா, இல்லையா?

‘திஸ் இஸ் மை பேக்.’ பின்னால் ‘பேக்’ வருகிறது, அதனால் ‘மை’.

‘திஸ் பேக் இஸ் மைன்.’ பின்னால் எதுவும் இல்லை, வாக்கியம் முடிந்துவிட்டது. அதனால் ‘மைன்’.

முதல் வகைக்குப் பொசெசிவ் டிடர்மினர் என்று பெயர். மை, யுவர், ஹிஸ், ஹெர், இட்ஸ், ஔவர், தெயர் ஆகியவை இந்த வகை. (ஐந்தாவது வகுப்பில் ‘அவர்’ என்று உச்சரித்துப் படித்த அந்த ஆங்கிலச் சொல்லைத்தான் ‘ஔவர்’ என்று எழுதுகிறேன். ‘அவர்’ என்றே எழுதினால் நம் தமிழ் ‘அவர்’ நடுவில் வந்து குழப்பும்.) இரண்டாவது வகைக்குப் பொசெசிவ் ப்ரொனவுன் என்று பெயர். மைன், யுவர்ஸ், ஹிஸ், ஹெர்ஸ், ஔவர்ஸ், தெயர்ஸ் ஆகியவை இந்த வகை.

பழைய பள்ளிப் புத்தகங்களில் ‘மை’யைப் பொசெசிவ் அட்ஜெக்டிவ் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இப்போதும் பலர் அப்படிச் சொல்கிறார்கள், பெயரைப் பற்றிச் சண்டை வேண்டாம். ஆனால் அந்தப் பெயரில் ஓர் ஆபத்து இருக்கிறது என்பது என் எண்ணம். ‘ப்ளூ’ ஒரு அட்ஜெக்டிவ். ‘ப்ளூ பேக்’ என்றும் சொல்லலாம், ‘த பேக் இஸ் ப்ளூ’ என்றும் சொல்லலாம். ‘மை’யும் அட்ஜெக்டிவ்தான் என்று மனதில் பதிந்துவிட்டால், ‘மை பேக்’ சரி என்றால் ‘த பேக் இஸ் மை’யும் சரிதானே என்று தோன்றும். கற்றுக்கொள்பவரின் கணக்கில் தவறு இல்லை, கொடுத்த பெயர்தான் அவரைத் தவறான வழியில் கூட்டிப்போகிறது. ‘ப்ளூ’ தனியாக நிற்கும், ‘மை’ நிற்காது. அதனால்தான் நான் டிடர்மினர் என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயர் பின்னால் வர வேண்டும் என்றால் ஒட்டிக்கொண்டுதான் வர வேண்டும் என்று இல்லை. ‘மை டூ ஓல்ட் ப்ளூ பேக்ஸ்’ என்பதில் நடுவே மூன்று சொற்கள் இருக்கின்றன. கடைசியில் ‘பேக்ஸ்’ வருகிறதே, அது போதும்.

தமிழில் சொல்லிப் பாருங்கள்

சந்தேகம் வந்தால் சொல்ல நினைத்ததை மனதுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘என்னுடைய’ என்று வந்தால் ‘மை’. ‘என்னுடையது’ என்று வந்தால் ‘மைன்’. பேச்சு வழக்கிலும் அப்படியே: ‘என்னோட பை’ என்றால் ‘மை பேக்’, ‘இந்தப் பை என்னோடது’ என்றால் ‘திஸ் பேக் இஸ் மைன்’. ‘இந்தப் பை என்னுடைய’ என்று எழுதிவிட்டு முற்றுப்புள்ளி வைத்தால் நமக்கே ஏதோ குறைகிறது. ‘என்னுடையது பை’ என்று யாரும் சொல்ல மாட்டோம். அந்தக் காது உங்களிடம் இருக்கிறது. ‘திஸ் பேக் இஸ் மை’ என்று கேட்கும்போதும் அதே குறை காதில் பட வேண்டும்.

இந்தச் சோதனையில் ஒரு கண்ணி உண்டு. ‘எனது’, ‘உங்களது’, ‘அவரது’ ஆகிய சொற்களைச் சோதனைக்கு எடுக்காதீர்கள். அவையும் ‘து’வில்தான் முடிகின்றன, ஆனால் ‘எனது வீடு’ என்று பெயருக்கு முன்னாலும் வரும், ‘இந்த வீடு எனது’ என்று தனியாகவும் நிற்கும். காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. ‘எனது’ என்பதில் உள்ள ‘அது’ ஆறாம் வேற்றுமை உருபு. சொந்தமான பொருள் ஒருமையாக இருந்தால் ‘அது’, ‘ஆது’ என்ற உருபுகளும் பன்மையாக இருந்தால் ‘அ’ என்ற உருபும் வரும் என்று நன்னூல் சொல்கிறது. அந்தக் கணக்கில் ‘எனது கை’, ‘என கைகள்’ என்றுதான் எழுத வேண்டும். இன்று யாரும் அந்தப் பன்மையைப் பார்ப்பதில்லை, ‘எனது கைகள்’ என்றே எழுதுகிறோம். ‘என்னுடையது’ அப்படி இல்லை. ‘உடைய’ என்ற சொல்லோடு ‘து’ சேர்ந்து, ‘என்னை உடைமைக்காரனாகக் கொண்ட அந்தப் பொருள்’ என்று ஒரு பெயராகவே ஆகிவிடுகிறது. ஆங்கில ‘மைன்’ செய்வதும் அதைத்தான். ஆகவே சோதனைக்கு எப்போதும் ‘உடைய’, ‘உடையது’ ஜோடியையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் இடத்தில் தமிழ் கொஞ்சம் கூடுதலாகப் பேசும். ஒரு பொருள் என்றால் ‘என்னுடையது’, பல பொருள்கள் என்றால் ‘என்னுடையவை’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘மைன்’தான். ‘மைன்ஸ்’ என்று ஒன்று இல்லை. ஒருமையா பன்மையா என்பதைப் பக்கத்தில் உள்ள வினை காட்டும்: ‘யுவர் பேக் இஸ் பிளாக், மைன் இஸ் ப்ளூ.’ ‘யுவர் ஷூஸ் ஆர் பிளாக், மைன் ஆர் ப்ரௌன்.’

ஜோடிகளை எப்படி மனதில் வைப்பது

மொத்தம் ஏழே வரிசைதான். அதில் நான்கு ஒரே மாதிரி நடக்கும்: யுவர், யுவர்ஸ், ஹெர், ஹெர்ஸ், ஔவர், ஔவர்ஸ், தெயர், தெயர்ஸ். டிடர்மினரோடு ஓர் ‘எஸ்’ சேர்த்தால் ப்ரொனவுன். இவற்றை மனப்பாடம் செய்யக்கூடத் தேவையில்லை.

‘ஹிஸ்’ மாறாது. ‘ஹிஸ் பேக்’, ‘த பேக் இஸ் ஹிஸ்.’ ஏற்கெனவே ‘எஸ்’ இருப்பதால் இன்னொன்றைச் சேர்ப்பதில்லை.

‘இட்ஸ்’ பெயரோடு மட்டும்தான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘த டாக் வேக்ட் இட்ஸ் டெய்ல்’ என்றால் நாய் தன் வாலை ஆட்டியது. ‘த டெய்ல் இஸ் இட்ஸ்’ என்று யாரும் பேசுவதில்லை.

மிச்சம் இருப்பது ‘மை’, ‘மைன்’. இதில் மட்டும் ‘எஸ்’ இல்லாமல் ‘ன்’ எங்கிருந்து வந்தது என்று கேட்காத வகுப்பு எனக்கு இருந்ததில்லை. நல்ல கேள்வி, பதிலும் நன்றாக நினைவில் நிற்கும். பழைய ஆங்கிலத்தில் ‘மீன்’ என்று ஒலித்த ஒரே சொல்தான் இருந்தது, பெயருக்கு முன்னாலும் அதுதான், தனியாக நின்றாலும் அதுதான். பிறகு மெய்யெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் அந்த ‘ன்’ தேய்ந்துபோனது. உயிரெழுத்துக்கு முன்னாலும், தனியாக நிற்கும்போதும் அது தங்கியது. இன்று ‘எ புக்’, ‘அன் ஆப்பிள்’ என்கிறோமே, அதே கதைதான். 1611-இல் வெளியான ஆங்கில பைபிளில் ‘மைன் ஐஸ்’ என்று, அதாவது என் கண்கள் என்று, பெயருக்கு முன்னாலேயே ‘மைன்’ வருவதைப் பார்க்கலாம். ‘ஐஸ்’ உயிர் ஒலியில் தொடங்குவதால் அங்கே ‘ன்’ பிழைத்தது. பிற்காலத்தில் பெயருக்கு முன்னால் எங்கும் ‘மை’யே என்று ஆகிவிட்டது, தனியாக நிற்கும் இடத்தில் மட்டும் பழைய முழு வடிவம் ‘மைன்’ நிலைத்துவிட்டது. பழைய நூல்களில் ‘உன்’, ‘உன்னுடையது’ என்ற பொருளில் வரும் ‘தை’, ‘தைன்’ ஜோடிக்கும் இதே வரலாறுதான். ஆகவே ‘மைன் பேக்’ இன்றைய ஆங்கிலத்தில் தவறு. பழைய பாட்டிலோ பைபிளிலோ ‘மைன் ஐஸ்’ என்று கண்டால் அது அச்சுப் பிழை இல்லை.

ஒரு நாற்காலியில் இருவர் உட்கார முடியாது

டிடர்மினருக்குப் பெயர்த்தொடரின் தலையில் ஒரே ஓர் இடம்தான். அந்த இடத்துக்கு ‘எ’, ‘த’, ‘திஸ்’, ‘தட்’, ‘சம்’ எல்லாமே போட்டியாளர்கள். ‘மை’ உட்கார்ந்துவிட்டால் அவை வர முடியாது. ‘எ மை ஃப்ரெண்ட்’ தவறு, ‘த மை ஹவுஸ்’ தவறு, ‘திஸ் மை ஃபோன்’ தவறு. தமிழில் ‘என்னுடைய இந்த ஃபோன்’ என்று இரண்டையும் தாராளமாக அடுக்குவோம், அதனால் இந்தத் தவறு நமக்கு எளிதாக வரும். (‘ஆல் மை புக்ஸ்’, ‘போத் மை ஹேண்ட்ஸ்’ என்று ‘ஆல்’, ‘போத்’ இரண்டும் ‘மை’க்கு முன்னால் வரலாம். அவற்றுக்குத் தனி இடம்.)

அப்படியானால் ‘என்னுடைய இந்த ஃபோன்’ என்பதை எப்படிச் சொல்வது? இங்கேதான் ப்ரொனவுன் உதவிக்கு வருகிறது. நாற்காலியை ‘திஸ்’ஸுக்குக் கொடுத்துவிட்டு, உடைமையைப் பின்னால் கொண்டுபோய் ‘ஆஃப்’ போட்டு ஒட்டிவிடுவது: ‘திஸ் ஃபோன் ஆஃப் மைன்.’ அதே மாதிரி ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்’, ‘சம் புக்ஸ் ஆஃப் ஹிஸ்’, ‘தட் ஓல்ட் கார் ஆஃப் தெயர்ஸ்’.

புதிதாகக் கற்பவர்கள் இதில் ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மீ’ என்றோ ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மை’ என்றோ எழுதுகிறார்கள். ‘ஆஃப்’ என்றாலே ‘உடைய’ என்று படித்திருப்பதால், உடைமையை ஏன் இரண்டு முறை சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. இப்படி எண்ணிப் பாருங்கள்: ‘என்னுடையவர்களில் ஒரு நண்பர்’. ‘என்னுடையவர்கள்’ என்ற கூட்டம்தான் ‘மைன்’, அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவரை எடுப்பதுதான் ‘எ ஃப்ரெண்ட் ஆஃப்’. இப்போது இரண்டு முறை சொன்னதாகத் தோன்றாது.

குறிப்பாக ‘ஹெர்’ருடன் கவனம் தேவை. ‘ஹெர்’ இரண்டு வேலை செய்கிற சொல்: ‘ஐ சா ஹெர்’ என்றால் அவளைப் பார்த்தேன், ‘ஹெர் புக்’ என்றால் அவளுடைய புத்தகம். அதனால் ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் ஹெர்’ என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவோம். ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் ஹெர்ஸ்’ என்பதுதான் சரி.

‘ஆஃப் மீ’ சரியாகிற இடம் ஒன்று உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் வேறுபாடு தெளிவாகிவிடும். ‘எ ஃபோட்டோ ஆஃப் மீ’ என்றால் நான் இருக்கிற படம், என் முகம் அதில் தெரியும். ‘எ ஃபோட்டோ ஆஃப் மைன்’ என்றால் எனக்குச் சொந்தமான படம் அல்லது நான் எடுத்த படம், அதில் இருப்பது ஒரு மலையாகவும் இருக்கலாம். ஒரே ஒரு சொல் மாறியதில் படத்துக்குள் இருப்பவர் படத்துக்கு வெளியே வந்துவிட்டார். இந்த இடத்தை எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

‘மை ஃப்ரெண்ட்’, ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்’ இரண்டுக்கும் நடுவே நயமான வேறுபாடு உண்டு. எதிரில் இருப்பவருக்கு யாரென்று தெரியாத ஒருவரைப் பற்றிப் பேச்சைத் தொடங்கும்போது ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன் ஒர்க்ஸ் இன் எ பேங்க்’ என்றால் இயல்பாக இருக்கும், ‘என் நண்பர் ஒருவர்’ என்று தமிழில் சொல்வோமே, அந்த ‘ஒருவர்’ அதில் இருக்கிறது. நேரில் அறிமுகம் செய்யும்போது ‘திஸ் இஸ் மை ஃப்ரெண்ட்’ போதும்.

ஒப்பிடும்போது ஆளையும் பொருளையும் கலக்காதீர்கள்

பேச்சுத் தமிழில் ‘உன்னைவிட என் கையெழுத்து நல்லா இருக்கும்’ என்போம். கேட்பவருக்குப் புரியும், யாரும் குறை சொல்வதில்லை. அதை அப்படியே ‘மை ஹேண்ட்ரைட்டிங் இஸ் பெட்டர் தேன் யூ’ என்று ஆங்கிலத்தில் இறக்கினால் கையெழுத்தை ஒரு மனிதரோடு ஒப்பிட்டதாகிவிடும். கையெழுத்தைக் கையெழுத்தோடுதான் ஒப்பிட வேண்டும்: ‘பெட்டர் தேன் யுவர் ஹேண்ட்ரைட்டிங்.’ ஒரே சொல்லைத் திரும்பச் சொல்வது அழகில்லை, அதனால் ‘பெட்டர் தேன் யுவர்ஸ்’.

பொசெசிவ் ப்ரொனவுன் உண்மையில் பிறந்தது இந்த வேலைக்குத்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. சொன்ன பெயரைத் திரும்பச் சொல்லாமல் தப்பிக்க உதவும் சொல் அது. அதனால் ஒரு நிபந்தனையும் உண்டு: எந்தப் பொருளைப் பற்றிய பேச்சு என்பது கேட்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், அல்லது உடனே தெரியவர வேண்டும். ஒன்றுமே சொல்லாமல் ‘மைன் இஸ் ப்ரோக்கன்’ என்று தொடங்கினால் எது உடைந்தது என்று எதிரில் இருப்பவர் விழிப்பார். ‘ஔவர்ஸ் இஸ் எ ஜாயின்ட் ஃபேமிலி’ என்று நம் ஊரில் நிறையப் பேர் சொல்கிறார்களே, அது சரியான வாக்கியம். எது ‘எங்களுடையது’ என்பது அடுத்த சொல்லிலேயே வந்துவிடுகிறது.

தமிழ் விட்டுவிடும் இடங்களில் ஆங்கிலம் விடாது

இதுவரை தமிழ் நமக்குத் துணை. இனி அது காலை வாரும் சில இடங்கள்.

‘கை கழுவினேன்’, ‘பல் துலக்கினேன்’, ‘செருப்பைக் கழற்றினான்’ என்று சொல்கிறோம். யாருடைய கை, யாருடைய பல் என்று தமிழ் கேட்பதில்லை. நம் இலக்கணத்தில் உறுப்பைத் தற்கிழமை என்பார்கள், உடையவரிடமிருந்து பிரிக்க முடியாத உடைமை. பிரிக்க முடியாத ஒன்றுக்கு ஏன் உடைமைச் சொல் என்று தமிழ் விட்டுவிடுகிறது. ஆங்கிலம் அதே இடத்தில் கட்டாயமாகக் கேட்கிறது: ‘ஐ வாஷ்ட் மை ஹேண்ட்ஸ்’, ‘ஐ ப்ரஷ்ட் மை டீத்’, ‘ஹி டுக் ஆஃப் ஹிஸ் ஸ்லிப்பர்ஸ்’. ‘ஐ வாஷ்ட் ஹேண்ட்’ என்பது நம்மவர் ஆங்கிலத்தில் அடிக்கடி கேட்பது. உடல் உறுப்பு, உடுப்பு, உறவு ஆகிய மூன்றில் எது வந்தாலும் முன்னால் ஒரு டிடர்மினர் இருக்கிறதா என்று ஒரு நொடி பாருங்கள்.

உறவில் இன்னும் ஒரு சிக்கல். ஒரே பிள்ளையாகப் பிறந்தவரும் ‘எங்க அம்மா’, ‘எங்க வீடு’ என்றுதான் பேசுவார். நம் பண்பில் அது மிக இயல்பு, ‘என் அம்மா’ என்று பேச்சில் சொன்னால் கொஞ்சம் அழுத்தமாகவே கேட்கும். ஆனால் வெளியாளிடம் ‘ஔவர் மதர் இஸ் எ டீச்சர்’ என்று சொன்னால், கூடப் பிறந்தவர் யாரோ பக்கத்தில் நிற்கிறார் என்றோ, இவர் உடன்பிறந்தோருக்கும் சேர்த்துப் பேசுகிறார் என்றோ நினைப்பார்கள். ‘மை மதர்’ என்பதுதான் ஆங்கிலத்தில் இயல்பு. அதில் தன்னலம் எதுவும் கேட்காது, தயங்க வேண்டாம்.

‘எங்கள்’, ‘நம்’ என்று தமிழில் இரண்டு இருக்கின்றன. கேட்பவரைச் சேர்க்காவிட்டால் ‘எங்கள்’, சேர்த்தால் ‘நம்’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஔவர்’தான். நம் மொழியில் இருக்கிற ஒரு நுட்பம் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

மரியாதைச் சொல்தான் பெரிய பள்ளம். ‘மேடம் அவங்க காரில் வந்தாங்க.’ இதில் ‘அவங்க’ மரியாதைக்காகப் பன்மை. ஆங்கிலத்தில் ‘மேடம் கேம் இன் தெயர் கார்’ என்றால் கேட்பவர் வேறு யாருடைய கார் என்று தேடுவார். மேடம் என்றால் ‘ஹெர் கார்’. சார் என்றால் ‘ஹிஸ் கார்’. ‘அவருடைய’ என்ற தமிழ்ச் சொல் ஆணா பெண்ணா என்று காட்டாது, ஆங்கிலத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ‘ஹிஸ்’ என்று சொல்வது ‘அவனுடைய’ என்று சொன்னது போல் மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது என்று என் வகுப்பில் ஒரு பெரியவர் வருத்தத்தோடு சொன்னார். அந்தத் தயக்கம் நல்ல மனதிலிருந்து வருவது. ஆனால் ஆங்கில ‘ஹிஸ்’ஸில் அவன், அவர் என்ற வேறுபாடே கிடையாது, ஒரு நாட்டின் தலைவருக்கும் அதே சொல்தான். (ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரைப் பற்றிப் பேசும்போது ஒருமைக்கே ‘தெயர்’ வரும்: ‘சம்ஒன் லெஃப்ட் தெயர் அம்ப்ரெல்லா.’ அது வேறு விஷயம், அது சரி.)

‘ஹிஸ்’ஸும் ‘ஹெர்’ரும் உடையவரைப் பார்த்து வரும், பொருளைப் பார்த்து அல்ல. ராமுவின் தங்கை என்றால் ‘ஹிஸ் சிஸ்டர்’. தமிழிலும் ‘அவனுடைய தங்கை’தான் என்பதால் இதில் நமக்குச் சிரமம் இல்லை. இந்தி வழியாக ஆங்கிலத்துக்கு வருகிறவர்கள்தான் இங்கே கொஞ்சம் தடுமாறுவார்கள், அங்கே உடைமைச் சொல் பொருளின் பாலைப் பார்த்து மாறும்.

ஆனால் தமிழின் ‘தன்’ ஆங்கிலத்தில் இல்லாதது ஓர் இழப்பு. ‘குமார் தன் வண்டியை எடுத்தான்’, ‘குமார் அவன் வண்டியை எடுத்தான்’ இரண்டும் நமக்கு வேறு வேறு. ஆங்கிலத்தில் இரண்டும் ‘குமார் டுக் ஹிஸ் பைக்’. தன்னுடையதேதான் என்று அழுத்த வேண்டுமானால் ‘ஓன்’ சேர்த்து ‘ஹிஸ் ஓன் பைக்’ என்று சொல்லலாம். ‘ஓன்’ வரும்போது முன்னால் எப்போதும் டிடர்மினர்தான்: ‘மை ஓன்’, ‘எ ஹவுஸ் ஆஃப் மை ஓன்’. ‘மைன் ஓன்’ இல்லை.

அபாஸ்ட்ரஃபி

பேச்சில் தெரியாது, எழுத்தில் காட்டிக்கொடுத்துவிடும். மேலே போடுகிற அந்தச் சின்னக் கமாவை பொசெசிவ் ப்ரொனவுன் எதிலும் போடக் கூடாது. யுவர்ஸ், ஹெர்ஸ், ஔவர்ஸ், தெயர்ஸ் நான்கும் கமா இல்லாமல்தான். ‘குமார்ஸ் புக்’ என்று பெயர்ச்சொல்லில் ‘எஸ்’ஸுக்கு முன்னால் போடுகிறோமே என்ற பழக்கத்தில், லீவ் லெட்டரிலிருந்து வேலை விண்ணப்பம் வரை ‘யுவர்ஸ்’ஸில் ‘ஆர்’ருக்கும் ‘எஸ்’ஸுக்கும் நடுவே அதைப் போட்டுவிடுகிறோம். விண்ணப்பத்தின் கடைசி வரியில், உங்கள் பெயருக்கு நேர் மேலே நிற்கும் பிழை அது. இன்றைக்கே உங்கள் பழைய மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து பாருங்கள்.

‘இட்ஸ்’ இன்னும் தொல்லை. கமா இல்லாத ‘இட்ஸ்’ என்றால் ‘அதனுடைய’. கமா உள்ள ‘இட்ஸ்’ என்றால் ‘இட் இஸ்’ அல்லது ‘இட் ஹேஸ்’ சுருங்கியது. ஆங்கிலேயர்களே இதில் தவறுவார்கள், அதற்கு வரலாறும் ஒரு காரணம். இந்தச் சொல்லே வயதில் இளையது. 1611 பைபிளில் உப்பு சாரமற்றுப் போவதைச் சொல்லும்போது அஃறிணையான உப்புக்கே ‘ஹிஸ்’தான் வருகிறது. ‘இட்ஸ்’ பரவத் தொடங்கிய பிறகும் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் உடைமைப் பொருளிலேயே அதைக் கமாவோடு எழுதியவர்கள் நிறையப் பேர். இன்று அது தவறு. எழுதிய இடத்தில் ‘இட் இஸ்’ என்று விரித்துப் படித்துப் பாருங்கள். பொருள் வந்தால் கமா போடுங்கள், வராவிட்டால் எடுத்துவிடுங்கள்.

‘ஹூஸ்’ஸுக்கும் இதே சோதனைதான். ‘யாருடைய’ என்றால் டபிள்யூ, ஹெச், ஓ, எஸ், ஈ. ‘ஹூ இஸ்’ சுருங்கினால் கமா. இந்த ‘ஹூஸ்’ ‘ஹிஸ்’ மாதிரி இரண்டு வேலையும் செய்யும்: ‘ஹூஸ் பேக் இஸ் திஸ்?’ என்றும் கேட்கலாம், ‘ஹூஸ் இஸ் திஸ் பேக்?’ என்றும் கேட்கலாம். ‘தெயர்’ எழுதும்போது ‘அவர்களுடைய’ என்றால் டி, ஹெச், ஈ, ஐ, ஆர். ‘அங்கே’ என்றால் கடைசி மூன்று எழுத்து ஈ, ஆர், ஈ.

கையோடு ஒரு பயிற்சி

கீழே உள்ளவற்றை முதலில் நீங்களே ஆங்கிலத்தில் சொல்லுங்கள், வாய்விட்டு. எழுதுவதைவிடச் சொல்வது இதற்கு நல்லது.

1. இந்தச் செருப்பு என்னுடையது.
2. அவள் பல் துலக்கினாள்.
3. உங்கள் ஊர் எங்கள் ஊரைவிடப் பெரியது.
4. டாக்டருடைய நண்பர் ஒருவர் வந்தார். (டாக்டர் ஆண், ‘டாக்டர்’ என்று சொல்லாமல் ‘அவருடைய’ என்று சொல்லுங்கள்.)
5. மாடு தன் கன்றை நக்கியது.
6. உன்னுடைய அந்தப் பழைய சட்டை எங்கே?

இப்போது சரிபார்க்கலாம்.

முதலாவது, ‘தீஸ் ஸ்லிப்பர்ஸ் ஆர் மைன்.’ தமிழில் செருப்பு ஒருமையாக இருந்தாலும் ஆங்கிலத்தில் இரண்டு கால் செருப்பும் பன்மை. ‘மைன்’ மாறவில்லை, ‘ஆர்’ வந்திருக்கிறது. இரண்டாவது, ‘ஷி ப்ரஷ்ட் ஹெர் டீத்.’ தமிழ் வாக்கியத்தில் இல்லாத ‘ஹெர்’ ஆங்கிலத்தில் வர வேண்டும். மூன்றாவது, ‘யுவர் டவுன் இஸ் பிக்கர் தேன் ஔவர்ஸ்.’ ஒரே வாக்கியத்தில் இரண்டு வகையும் இருக்கின்றன. நான்காவது, ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் ஹிஸ் கேம்.’ ‘ஆஃப் ஹிம்’ என்று சொல்லியிருந்தால் நாற்காலி பகுதியை இன்னொரு முறை படியுங்கள். ஐந்தாவது, ‘த கௌ லிக்ட் இட்ஸ் காஃப்.’ ‘ஹெர் காஃப்’ என்று சொல்லியிருந்தாலும் சரிதான், தாய்ப்பசுவை ஆங்கிலத்திலும் பெண்ணாகச் சொல்வது உண்டு.

ஆறாவதில்தான் பெரும்பாலானவர்கள் நிற்பார்கள். ‘வேர் இஸ் தட் யுவர் ஓல்ட் ஷர்ட்?’ என்று வாயில் வரும். ‘தட்’ உட்கார்ந்துவிட்டது, ‘யுவர்’ருக்கு இடம் இல்லை, பின்னால் போக வேண்டும். ‘வேர் இஸ் தட் ஓல்ட் ஷர்ட் ஆஃப் யுவர்ஸ்?’